மேட்டூர் திறப்பதற்கு முந்தைய இரண்டு மாதத்தை மண்ணுக்குக் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைக்கும், காவிரி டெல்டா மாவட்டங்களில் பணியாற்றும் வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றுப் பாசனத்தில் 15 மா நிலம் வைத்து விவசாயம் செய்கிறேன். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். 6 மா சொந்த நிலம். போர்வெல் இருப்பதால் அதில் ஜூனில் நடும் குறுவையும், அதை அறுத்த பிறகு நடும் தாளடியும் என இரண்டு போகம் நெல் போடுகிறேன். மீதி 9 மா கோயில் நிலம், குத்தகை. அது ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி, வருடத்துக்கு ஒரு முறை மட்டும் நெல் போடும் ஒருபோகச் சம்பா.

மேட்டூர் அணை திறக்கும் நாளான ஜூன் 12-ஐ ஒவ்வொரு வருடமும் நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அணையில் எத்தனை அடி, கல்லணையை எப்போது திறப்பார்கள், வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடைக்கு எத்தனை நாளில் தண்ணீர் வரும் என்று டீக்கடையில் பேசாத ஆள் இல்லை. அந்தத் தேதிக்காக வாய்க்கால் தூர் வாரப்படுகிறது, விதைநெல் வருகிறது, உரம் இருப்பு வைக்கப்படுகிறது. தண்ணீர் வந்து பாயப்போகிற மண் அந்தத் தேதிக்குத் தயாராக இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தாளடி அறுத்து முடித்ததிலிருந்து மேட்டூர் திறக்கும் வரை வயல் சும்மா கிடக்கிறது. வருடத்தில் மண்ணுக்கென்று நாம் எதையாவது செய்ய முடிகிற காலம் அது ஒன்றுதான். அதிலும் சித்திரை, வைகாசி இரண்டும் கைவிடக் கூடாத மாதங்கள். மண் பரிசோதனை, பசுந்தாள் உரம் (வயலிலேயே வளர்த்து மடக்கி உழும் செடி), வரப்பு மரம், வைக்கோல் என்று துறை செய்கிற, செய்ய வேண்டிய மண்வள வேலைகள் எல்லாம் இந்த இரண்டு மாதத்தை மையமாக வைத்து நடக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை. ஏன் என்பதை என் வயலில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தாளடி. நட்டு இருபது நாள் ஆகியும் பயிர் தூர் கட்டவில்லை. ஒரே வயலில் ஒரு இடம் பச்சையாக, ஒரு இடம் குட்டையாக, திட்டுத் திட்டாக நின்றது. அடி இலைகளில் துருப் பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். "தழைச்சத்து பத்தலை, யூரியா போடுங்க" என்றார்கள். யூரியா வேண்டுமென்றால் கூடவே ஒரு பாட்டிலும் ஒரு பொடிப் பாக்கெட்டும் வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கினேன். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை யூரியா தெளித்தேன். பயிர் கரும்பச்சையாக எழும்பியது, எனக்கும் சந்தோஷம். தை பிறந்து பால் பிடிக்கிற நேரத்தில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி இறங்கியது. வட்டம் வட்டமாகத் தீய்ந்து போனது. தப்பித்த பயிரும் கனத்த தழையோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. ஏக்கருக்கு 14 மூட்டை கண்டேன், அதிலும் பாதி மணி பிடிக்காத கருக்காய்.

அந்தக் கோடையில்தான் முதல் முறையாக மண்ணை ஒழுங்காக எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். துத்தநாகம் (ஜிங்க்) குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்று வந்தது. என் பயிருக்கு வந்தது யூரியாப் பசியே இல்லை, ஜிங்க் பற்றாக்குறை. 1966-லேயே வட இந்தியாவில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நேனே என்ற விஞ்ஞானி, இமயமலை அடிவாரத் தராய் பகுதி நெல்லில் வந்த 'கைரா' என்ற நோய்க்குக் காரணம் கிருமி இல்லை, துத்தநாகக் குறைவு என்று கண்டு சொல்லிவிட்டார். அது என் வயலுக்கு வந்து சேர ஐம்பது வருடம் பிடித்திருக்கிறது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டைக் காய்ந்த மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன் தூவியிருந்தால் போதும், அந்தத் தாளடி பிழைத்திருக்கும்.

இதில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அந்த மணிச்சத்தை. டெல்டாவில் நடவுக்கு முன் போடும் அடியுரம் என்றால் டிஏபி, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம். போகத்துக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை என்பது பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு மூட்டை டிஏபியில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. ஏக்கருக்கு 40 மூட்டை நெல் விளைந்தால்கூட, நெல்லும் வைக்கோலும் சேர்ந்து எடுத்துப்போவது சுமார் 15 கிலோ. மிச்சம் மண்ணில் தங்குகிறது. வருடத்துக்கு இரண்டு போகம், முப்பது வருடம் என்று பெருக்கிப் பாருங்கள். நீர் கட்டிய மண்ணில், இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தும் இளகி வெளியே வரும். மணிச்சத்து மிஞ்சினால் பயிர் துத்தநாகம் எடுப்பது குறைகிறது. தேங்கிய தண்ணீரும் துத்தநாகத்தைக் கட்டிப்போடுகிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட ஒரு சத்தே இன்னொரு சத்துக்குக் குறுக்கே நிற்கிறது. மண்ணைப் பார்க்காமல் மூட்டைக் கணக்கில் உரம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

மண் பரிசோதனை முடிவு வைகாசி முடிவதற்குள் உழவர் கையில் இருக்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். நாற்று விட்ட பிறகு வரும் மண்வள அட்டையால் பயன் இல்லை. அதற்குள் அடியுரம் வாங்கி வீட்டில் அடுக்கியாகிவிடும். மாதிரி எடுக்கவும் கோடைதான் நல்ல காலம். மண் காய்ந்திருக்கும், போன போகத்து உரத்தின் தாக்கம் அடங்கியிருக்கும். 2015-ல் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று வகுத்தார்கள். எங்கள் பக்கம் இரண்டரை ஹெக்டேர் என்றால் ஏழெட்டுப் பேர் நிலம் அதற்குள் வந்துவிடும். என் 6 மாவும் 9 மாவும் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஒன்று களி, இன்னொன்று வண்டல் கலந்தது. இரண்டுக்கும் ஒரே அட்டை ஆகாது. டெல்டாவில் மாதிரியை வயல்வாரியாக எடுங்கள். ஆள் பற்றாது என்றால், மாதிரி எடுக்கும் வேலையை எங்களுக்கே கற்றுக்கொடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவித்த இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு வெட்டி, கலந்து, நான்காகப் பிரித்துப் பிரித்து அரைக் கிலோவாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்வார்கள்.

யூரியாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண் பரிசோதனை இல்லாத இடத்தில் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து. இந்த 60 கிலோ தழைச்சத்தில் பயிர் வாய்க்குப் போவது எவ்வளவு? தேங்கிய தண்ணீரில் யூரியாவைத் தூவுகிறோம். உச்சி வெயிலில் தண்ணீரில் இருக்கும் பாசி வேலை செய்யச் செய்ய, தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. அந்த நேரத்தில் யூரியாவிலிருந்து வந்த தழைச்சத்து அம்மோனியா வாயுவாகக் காற்றில் கிளம்பிவிடும். இன்னொரு பங்கு, மண்ணின் மேலே மெல்லியதாக இருக்கும் காற்றுப் படும் அடுக்கில் நைட்ரேட்டாக மாறி, கீழே காற்றில்லாத சேற்றுக்குள் இறங்கி, அங்கே நுண்ணுயிர்கள் அதை மறுபடியும் வாயுவாக்கி வெளியே விட்டுவிடுகின்றன. போட்டதில் பாதிகூடப் பல வயல்களில் பயிருக்குச் சேர்வதில்லை. 2015-லிருந்து யூரியா முழுவதும் வேம்பு பூசி வருகிறது, அது கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. ஆனால் போடும் நேரமும் அளவும் தவறினால் வேம்பு மட்டும் என்ன செய்யும்?

தண்ணீரை வடித்துச் சேறும் சகதியுமாக இருக்கும்போது யூரியா போட்டு, மறுநாள் தண்ணீர் கட்ட வேண்டும். எவ்வளவு போடுவது என்பதை இலையைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. நாலைந்து பச்சை நிறப் பட்டைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. நட்டு 14 நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலையில், பத்துத் தூர்களில் மேலே முழுதாக விரிந்த இலையை நம் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால் மேலுரம், இல்லையென்றால் மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். எனக்கு இந்த அட்டை கிடைத்தது ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு விவசாயிகள் நாளன்று. அதற்குப் பிறகு ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா எனக்கு மிச்சம், புகையானும் அந்த மாதிரி வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா வாங்கும் ஒவ்வொருவருக்கும் இந்த அட்டை ஒன்றைக் கையில் கொடுங்கள். இது பெரிய செலவே இல்லை.

சரி, இப்போது சித்திரைக்கு வருகிறேன்.

நைட்ரஜனுக்கு நம் ஊரில் வைத்த பெயர் தழைச்சத்து. பாஸ்பரஸுக்கு மணிச்சத்து, பொட்டாஷுக்குச் சாம்பல்சத்து. பெயர் வைத்தவர்களுக்கு இவை எங்கே இருக்கின்றன, எங்கே போய்ச் சேர்கின்றன என்று தெரிந்திருக்கிறது. என் சின்ன வயதில் நடவுக்கு முன் வாய்க்கால் கரையிலிருந்து பூவரசு, புங்கன், வேம்பு, நொச்சி என்று வண்டி வண்டியாகத் தழை வரும். சேற்றில் பரப்பி ஆட்கள் வரிசையாக நின்று மிதிப்பார்கள். வாதநாராயணன் தழை வந்தால் அப்பா அதைத் தனியாக நாற்றங்காலுக்கு எடுத்து வைப்பார். இப்போது தழை மிதிக்க ஆளும் இல்லை, வெட்ட மரமும் இல்லை.

ஆளில்லாத காலத்துக்கு ஏற்றது தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45 நாளில், பூக்கிற சமயத்தில், ரோட்டாவேட்டரால் அப்படியே மடக்கி உழுதுவிடலாம். நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 25 கிலோ தழைச்சத்தாவது மண்ணில் சேர்க்கும். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பதே 21 கிலோவுக்குள்தான். எல்லாம் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது, மிச்சம் அடுத்த போகத்துக்கு மண்ணில் இருக்கும். காரம் ஏறிக் களர் தட்டிய வயலிலும் தக்கைப்பூண்டு வரும், மண்ணைப் பொலபொலப்பாக்கும்.

2024–25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதையைச் சேர்த்தீர்கள். அதற்கு மனதார நன்றி. இனி அதற்கு ஒரு தேதி வையுங்கள் என்று கேட்கிறேன். கணக்கு இதுதான். ஜூன் 25 வாக்கில் குறுவை நடவு என்றால், அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் தக்கைப்பூண்டை மடக்கி உழ வேண்டும். அதற்கு 45 நாள் முன்னால் விதைக்க வேண்டும். ஆக, மே முதல் தேதிக்குள் விதை மண்ணில் விழ வேண்டும். அப்படியென்றால் பங்குனி கடைசியிலேயே வேளாண் விரிவாக்க மையத்தில் விதை மூட்டை இருக்க வேண்டும். சித்திரையில் ஒரு கோடை மழை கிடைத்தாலும், போர்வெல்லில் ஒரு தண்ணீர் கொடுத்தாலும் அது முளைத்துவிடும். ஆனி மாதம் விதை கிடைத்தால் குறுவைக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வாங்கி வைத்த விதை வீட்டு மூலையில் வண்டு அரிக்கும்.

ஒருபோகச் சம்பா நிலத்துக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே நடவு ஆவணி கடைசி, புரட்டாசி. ஆற்றுத் தண்ணீர் வந்து முதல் ஈரம் பாய்ந்ததும் ஆனியில் விதைத்தால், ஆவணியில் மடக்கி உழலாம். கடைமடைக்கு இதுதான் ஏற்றது. ஆகவே விதை இரண்டு தவணையாக வர வேண்டும். எல்லா வட்டாரத்துக்கும் ஒரே நாளில் லாரி அனுப்பாமல், குறுவை அதிகம் உள்ள வட்டாரங்களுக்கு முதலில், ஒருபோக வட்டாரங்களுக்குப் பிறகு என்று பிரித்து அனுப்புங்கள்.

அடுத்து மரம். விவசாய நிலத்தில் மரம் வளர்க்க அரசு கன்றுகள் கொடுக்கிறது. எங்கள் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் தேக்கும் மகாகனியும். நல்ல மரங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தேக்கு வெட்ட இருபது வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வரப்போரம் இரண்டு மூன்று வரிசை நெல் நிழலில் நின்று கருக்காயாகும். என்னைப் போலக் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் அடுத்த இருபது வருடத்துக்கு எந்த உரிமையில் தேக்கு வைப்பான்? டெல்டாவில் பயிரிடுபவர்களில் எத்தனையோ பேர் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்கு இருப்பவர்கள். அவர்களுக்குத் தழைக்கான மரம் வேண்டும்.

அதற்குக் கிளைரிசிடியாவைப் போல ஒன்று இல்லை. யாழ்ப்பாணத்தில் இதைச் சீமைக்கிளுவை என்பார்கள். ஒரு கை நீளத்துக்குமேல் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி மழை ஈரத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, மூன்றாவது வருடத்திலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று வெட்டு எடுக்கலாம். இடுப்பளவில் வெட்டிக்கொண்டே இருப்பதால் நிழல் விழாது. அவரைக் குடும்பத்து மரம் என்பதால் காற்றிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்து இலையில் வைக்கிறது. இலை மெல்லியது, சேற்றில் போட்ட சில நாளிலேயே கரைந்துவிடும். 2020-ல் என் 6 மாவின் வரப்பில் 80 போத்து ஊன்றினேன், 50 தப்பித்தது. போன ஆனியில் வெட்டியபோது கால் டன்னுக்கு மேல் தழை வந்தது. ஒரு டன் பச்சைத் தழையில் 6, 7 கிலோ தழைச்சத்து இருக்கும். ஆகவே இதை வைத்து யூரியாவை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்றங்காலுக்கும், வயலில் சோர்ந்த மூலைகளுக்கும் அது போதுகிறது. போட்ட இடத்தில் மண்வெட்டி இறங்கும் விதமே வேறு. ஒரு தவறும் செய்தேன், மற்றவர்கள் செய்யாமல் இருக்கட்டும் என்று சொல்கிறேன்: அறுவடை இயந்திரம் இறங்கும் மூலையிலும் போத்து ஊன்றிவிட்டேன். அந்த வருடமே நான்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இயந்திரம் நுழைய பதினைந்து அடியாவது விட்டுவிட வேண்டும்.

வரப்பு குறுகலாக இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் இருக்கின்றனவே. முன்பு தழை வந்தது அங்கிருந்துதான். இப்போது அங்கே கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நீர்வளத்துறையோடு பேசி, கரைக்குப் பாதகம் இல்லாத இடங்களில் பூவரசு, புங்கன், கிளைரிசிடியா வைத்து, வெட்டும் உரிமையை அந்த வாய்க்காலில் பாசனம் பெறும் உழவர்களுக்குக் கொடுங்கள். வேளாண் பண்ணைகளில் தாய் மரங்கள் வைத்து, சித்திரையில் போத்து வெட்டிக் கொடுத்தால் கன்று வளர்க்கும் செலவுகூட இல்லை.

வைக்கோலைப் பற்றிச் சொல்லும்போது என் கையிலும் குற்றம் இருக்கிறது. அறுவடை இயந்திரம் போன மறுநாள் கட்டு கட்டும் இயந்திரம் வருகிறது. சாயங்காலத்துக்குள் வயல் முழுக்க உருளைகள். ராத்திரி லாரி ஏறிக் கேரளாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் போய்விடுகிறது. கையில் உடனே காசு. அந்தக் காசை நானும் வாங்கியிருக்கிறேன், அறுவடைக் கூலிக்கு அதுதான் உதவுகிறது. ஆனால் போவது எது என்று பாருங்கள். நெல் பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. நெல்மணிக்குப் போவது கொஞ்சம். ஒரு ஏக்கர் வைக்கோல் இரண்டு டன் என்று வைத்துக்கொண்டால், அதில் போகும் சாம்பல்சத்து ஒரு மூட்டை பொட்டாஷுக்கு மேல். பொட்டாஷ் நம் நாட்டில் எடுப்பதே இல்லை, முழுக்க இறக்குமதி. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பல் ஏறி வருகிறது. யூரியா மூட்டையின் விலையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கொடுத்து வாங்குகிறோம், அல்லது வாங்காமலே விட்டுவிடுகிறோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் பொட்டாஷ் போட்டு வருடக்கணக்கு ஆகிறது. அப்புறம் பயிர் சாய்கிறது, மணி எடை நிற்கவில்லை என்று கவலைப்படுகிறோம்.

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்று பழமொழி சொல்வார்கள். இன்று நுனியும் நடுவும் லாரியில் போகிறது, அடியை நெருப்பு வைக்கிறார்கள். மாடு குறைந்த ஊரில் நடுப்பங்கு யாருக்கு என்பதும் நியாயமான கேள்விதான். நான் கேட்பது இது: வைக்கோல் முழுவதையும் விற்காமல் பாதியையாவது வயலிலேயே விட்டு, மாசி பங்குனியில் உழுது மடக்குகிற உழவருக்கு, வேளாண் பொறியியல் துறையின் வாடகை ரோட்டாவேட்டரைக் குறைந்த கட்டணத்தில் அந்த மாதங்களில் கொடுங்கள். காய்ந்த மண்ணில் மடங்கிய வைக்கோல் ஆனிக்குள் மக்கிவிடும். நடவுக்கு முந்தின வாரம் மடக்கினால் அது பயிரின் தழைச்சத்தையே பிடித்துக்கொள்ளும், சேற்றில் மீத்தேனும் கிளம்பும். குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே நாள் போதாது என்பதால் குறுவை வைக்கோலில் நான் கைவைக்கச் சொல்லவில்லை. தாளடி, சம்பா வைக்கோல் போதும்.

கோடையில் மண் காய்வதே ஒரு வைத்தியம். பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களிலிருந்து ஒரே வயலில் வருடத்துக்கு மூன்று போகம் நெல்லாகவே போட்டுப் பார்த்துவருகிறார்கள். 1980-களில் அங்கே விளைச்சல் சரிந்தது. மண்ணில் அங்ககப் பொருள் குறைந்திருக்கவில்லை. எந்நேரமும் தண்ணீரில் ஊறிய மண்ணிலிருந்து பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து குறைந்துபோயிருந்தது. உரம் கொடுக்கும் நேரத்தையும் அளவையும் மாற்றி, மண்ணைக் காயவும் விட்ட பிறகு விளைச்சல் தேறியது. நம் டெல்டாவுக்குக் கோடை என்று ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. போர்வெல் இருக்கிற தைரியத்தில் கோடை நெல்லும் போட்டு மூன்று போகம் ஓட்டும் ஊர்களில் உங்கள் அலுவலர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் வருகிற இன்னொரு விருந்தாளி கிடை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு எங்கள் வயல்களுக்கு வருவார்கள். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும், காலையில் ஒரு உழவு ஓட்டிவிட்டால் போதும். எரு அள்ள வேண்டாம், சுமக்க வேண்டாம். இப்போது கீதாரிகள் வருவது குறைகிறது. மேய்க்க இடம் இல்லை, ஆடு திருட்டு, வழியில் தண்ணீர் இல்லை. பங்குனி முதல் வைகாசி வரை அவர்கள் தங்கும் ஊர்களில் கால்நடை மருத்துவ முகாம், குடிதண்ணீர், காவல்நிலையத்தில் ஒரு பதிவு. இந்த மூன்றும் கிடைத்தால் அவர்கள் வருவார்கள். உங்கள் துறை மட்டும் செய்கிற வேலை இல்லைதான், ஆனால் கேட்க வேண்டியது நீங்கள்தான். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் இதே மாதிரிதான், மண்ணுக்கும் நல்லது கைக்கும் காசு. அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் நசுங்கியே அது குறைந்துபோனது. தை மாதத்தில் சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி கிடைக்கச் செய்தாலே பாதி உளுந்து பிழைக்கும்.

ரசாயன உரத்தை நிறுத்துங்கள் என்று நான் எங்கேயும் கேட்கவில்லை. இலங்கையில் கிளைரிசிடியாவைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராகவே அங்கீகரித்திருக்கிறார்கள். அவ்வளவு தழை உள்ள நாட்டிலேயே 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தபோது, வன்னியிலும் கிழக்கிலும் நம் உறவுகள் உட்பட நெல் உழவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று, அதற்குள் பெரும்போகம் என்ற பருவமழைச் சாகுபடி கைவிட்டுப் போயிருந்தது. மண்ணைத் தயார்செய்யாமல் மூட்டையை மட்டும் பறித்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். நான் கேட்பது மண்ணைத் தயார்செய்வதற்கு நாள். மூட்டை தானாகக் குறையும், என் வயலில் குறைந்திருக்கிறது.

மத்திய அரசிடமும் நீங்கள் ஒன்று பேச வேண்டும். 2010-ல் சத்து அடிப்படையில் மானியம் என்று கொண்டுவந்தபோது யூரியாவை அதற்கு வெளியே விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்று யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள்ளும் பொட்டாஷ் எட்டாத உயரத்திலும் இருக்கிறது. விலை இப்படி இருக்கும்வரை உழவர் கை யூரியா பக்கம்தான் போகும். பயிற்சி வகுப்பால் மட்டும் இது மாறாது.

கடைசியாக, குத்தகைதாரர் விஷயம். விதையோ மண் பரிசோதனையோ போத்தோ எது கொடுத்தாலும் பட்டா கேட்காதீர்கள். யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் பதிந்து கொடுக்கும் அடங்கல் போதும் என்று எழுத்தில் வையுங்கள். கோயில் நிலத்து மண்ணும் டெல்டா மண்தான்.

என் பக்கத்தில் நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். வருகிற சித்திரையில் 6 மாவிலும் தக்கைப்பூண்டு விதைக்க ஏக்கருக்கு 20 கிலோ வீதம் 40 கிலோ விதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அரசு விதை பங்குனியில் வந்தால் அதையே வாங்குவேன், வராவிட்டால் வெளியில் வாங்குவேன். கிளைரிசிடியாவில் இந்த வருடம் நூறு போத்தாவது வெட்டலாம். கேட்கிறவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறேன். பூ எடுக்கும் நாளில், மடக்கி உழுவதற்கு முன் வயலுக்கு வந்து பாருங்கள். 9 மாவுக்கான மண் மாதிரியும் அன்றைக்குத் துணிப்பையில் கட்டி வரப்பில் இருக்கும்.

இப்படிக்கு,
பாமணியாற்றுப் பாசன உழவர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்